சாப்பாட்டு மேஜையில் ஒரு படகு

ஆயுத பூஜை அன்று ஒரு வீட்டில் சாப்பாட்டு மேஜை எதற்கு இருக்கிறது? வடையையும் பாயசத்தையும் பூசணிக்காய் சாம்பாரையும் எடுத்து வைத்து, வந்த விருந்தாளியை உட்காரவைத்துப் பரிமாறுவதற்கு. ஆனால் குவெம்பு நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் சொர்ணலதாவின் சாப்பாட்டு மேஜைமேல் மூன்றடி நீளத்துக்கு ஒரு படகு கிடந்தது. ஆனி மாதத்திலிருந்து அங்கேதான் கிடக்கிறது. குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டது.

படகு அவள் கணவர் ரத்தினவேலுடையது. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டுகிற படகு அது. விளையாட்டுச் சாமான் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்காது. உடம்பு, மோட்டார், பேட்டரி எல்லாம் ஆகிவிட்டது. கடைசியில் வந்து நின்றது ஷாஃப்ட். மோட்டாரிலிருந்து கிளம்பி, படகின் அடியில் பதித்த பித்தளைக் குழாய்க்குள் புகுந்து வெளியே வந்து, பின்னால் இருக்கும் விசிறியைச் சுற்றுகிற மெல்லிய கம்பி. வெளியே வரும் கம்பி ஆடக் கூடாது என்று விசிறிக்கு முன்னால் ஒரு சின்ன உலோகத் தாங்கி. அதற்கு ஸ்ட்ரட் என்று பெயர். குழாயும் ஸ்ட்ரட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை கோணினாலும் கம்பி இறுகிக்கொள்ளும். இதெல்லாம் சொர்ணலதாவுக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் சப்பாத்திக்கு மாவு பிசையும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் வேறு ஆள் ஏது? மகளோடுதான் பேசுவதில்லையே.

மகள் ஜீவிதா ஒரே பெண். யுவன் என்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அதற்குள் கீழ்வீட்டு ஓனர் லிங்கம்மா, இரண்டு பேரையும் போன வருஷத் தசராக் கண்காட்சியில் பார்த்ததாக ரத்தினவேலிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியா எனக்கா?" என்று அவர் அன்றைக்குக் கேட்டதுதான். அதற்குப் பிறகு மகளிடம் ஒரு வார்த்தை கிடையாது. "அவளைச் சாப்பிடச் சொல்லு", "அவ சார்ஜரை எடுத்துக்கச் சொல்லு" என்று எல்லாம் சொர்ணலதா வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட.

ஜீவிதா மட்டும் லேசுப்பட்டவளா? அப்பாவுக்குப் பிறந்தவள்தானே. "தீபாவளிக்குள்ள அப்பா சரின்னு சொல்லலேன்னா நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடுவோம்மா" என்று ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சொர்ணலதா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். ஒற்றைப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் மாலை மாற்றிக்கொண்டு போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் அவளே ஏற்பாடு செய்தாள். ஆயுத பூஜைச் சாப்பாட்டுக்கு யுவன் வருவான். அவனுடைய அப்பா அம்மா கொள்ளேகாலத்திலிருந்து பஸ் ஏறி நாலு மணிக்கு வந்து சேருவார்கள். அதற்குள் ரத்தினவேல் பையனைப் பார்த்து, பேசி, ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தவர்களை நடுக்கூடத்தில் நிறுத்திவைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

காலையில் பூஜை நன்றாகத்தான் நடந்தது. ரத்தினவேலுக்கு எல்லாவற்றிலும் ஒரு முறை உண்டு. டூல் பெட்டிக்கு மொத்தமாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஒவ்வொரு ஸ்பானரையும் வெளியே எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சந்தனம், குங்குமம். கத்தரிக்கோல், அரிவாள்மனை, இஸ்திரிப்பெட்டி, ஸ்கூட்டர், ரிமோட் எதுவும் தப்பாது. படகின் முறை வந்தபோது ஷாஃப்ட்டை உருவி வெளியே எடுத்தார். "படகுக்கு உசுரே இதுதான்" என்று சொல்லி அதற்கு மட்டும் நீளவாக்கில் தாராளமாகச் சந்தனம் பூசி, மேலே குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு தட்டில் கிடந்தால் வளைந்துவிடும் என்று அவரே அதைப் பத்திரமாகக் குழாய்க்குள் திருப்பிச் செருகி, விசிறியையும் மாட்டிவைத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் சொர்ணலதாதான். அடுப்பில் வடை கருகுகிறதே என்பதுதான் அப்போது அவள் கவலை.

இதில் இன்னொரு சட்டமும் உண்டு. பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக் கூடாது.

யுவன் பதினொரு மணிக்கு வந்தான். லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் வேலை. வெள்ளைச் சட்டை, கையில் பழம், மல்லிகைப்பூ. "வாங்க" என்று ரத்தினவேல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொன்னதே பெரிது என்று சொர்ணலதா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வரும்போது பையன் மேஜை பக்கத்தில் நின்று படகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க சார், இது நீங்களே செஞ்சதுங்களா? குழாய்க்குக் குடுத்திருக்கிற சாய்வு அருமையா இருக்குதுங்க."

ரத்தினவேலின் முகம் இளகியது. அந்தப் பாழாய்ப்போன படகு இத்தனை மாதத்தில் ஒரு நல்ல காரியம் செய்கிறதே என்று சொர்ணலதாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "பாரு, எப்படிச் சுத்துதுன்னு" என்று அவர் விசிறியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

விசிறி அசையவில்லை. அழுத்தித் திருப்பினார். கர் கர் என்று கால் சுற்றுச் சுற்றி நின்றது.

"நேத்து வெண்ணெய் மாதிரி சுத்துச்சே! யாரு படகை நகத்தினது? ராத்திரிதான் ஸ்ட்ரட்டைப் பசை வெச்சு ஒட்டினேன். காயறதுக்குள்ள யாரோ தட்டியிருக்காங்க. சொர்ணா! அவளைக் கேளு, ஃபோனைத் தேடறேன்னு மேஜைகிட்ட வந்தாளான்னு."

சமையலறை வாசலில் நின்ற ஜீவிதா, "நான் ஏன்மா அதைத் தொடப் போறேன்? சும்னே என்மேல பழி போடாதீங்கன்னு சொல்லு" என்றாள். அவள் குரல் ஏறியது. இன்னும் இரண்டு வார்த்தை போனால் பையன் எதிரிலேயே சண்டை நாறிவிடும்.

சொர்ணலதாவுக்கு இந்த மாதிரி சமயங்களுக்கென்று ஒரு குறுக்குவழி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதில்தான் குடித்தனம் ஓடுகிறது. மிக்ஸி எரிந்தபோதும் அதுதான், ஸ்கூட்டர் சாவி தொலைந்தபோதும் அதுதான். "நான்தாங்க" என்றாள். "விடியக்காலை மேஜையைத் துடைக்கும்போது கை பட்டிருக்கும். விடுங்க. அப்புறம் பாத்துக்கலாம், இலை போட்டுடறேன்."

வழக்கமாக அவர் கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார். அன்றைக்கு அப்படி ஆகவில்லை. "பார்த்தியா, நான் சொல்லல? ஸ்ட்ரட் நகர்ந்துடுச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதைக் கழட்டித் திரும்ப ஒட்டாம எனக்குச் சோறு வேண்டாம்."

வீட்டுக்காரர் உட்காராமல் விருந்தாளிக்கு எப்படி இலை போடுவது? சொர்ணலதாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன் வாயாலேயே வினையை வாங்கிக்கொண்டோமே என்று பல்லைக் கடித்தாள்.

கழற்றலாம் என்றால் எதை வைத்துக் கழற்றுவது? வீட்டிலிருக்கும் அத்தனை ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. அப்போது யுவன் தயங்கித் தயங்கித் தன் தோள்பையிலிருந்து திருகாணி கழற்றுகிற ஆலன் கீ கொத்து ஒன்றை எடுத்தான். "இதைப் பூஜைக்கு வெக்கலீங்க சார். பையிலயே கெடந்து மறந்துபோச்சுங்க."

"பூஜைக்கு வெக்கலையா? சோறு போடற சாமானை மறந்துட்டேன்னு சொல்றியே" என்று ரத்தினவேல் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

அதற்கு அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. படகைத் தொடலாமாம், ஷாஃப்ட்டைத் தொடக் கூடாதாம். ஸ்ட்ரட்டுக்கும் விசிறிக்கும் தனியாகப் பொட்டு வைக்கவில்லை, அதனால் அவற்றைக் கழற்றலாமாம். கோர்ட்டில் வக்கீல்கூட இப்படிப் பேச மாட்டான். யுவன் படகைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள, அவர் திருகாணிகளை எடுத்து, காய்ந்த பசையைச் சுரண்டி, ஸ்ட்ரட்டைப் பிடுங்கினார். யுவன் கம்பியின் நுனியை ஒரு காகிதத்தால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தான்.

"சார், ஸ்ட்ரட் இல்லாமயே இறுக்கமாத்தான் இருக்குதுங்க. ஷாஃப்ட்டை ஒருக்கா உருவிப் பாக்கட்டுங்களா?"

"கூடாது. பூஜை போட்டது அசையக் கூடாது. இவ தட்டினதுல குழாயோட முனையே கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுக்கேத்த மாதிரி ஸ்ட்ரட்டைத் திருப்பணும். நீ நேராப் புடி, போதும்."

யுவன் நேராகப் பிடித்தான். இது வேறு பசை, ஐந்து நிமிடத்தில் இறுகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஒட்டினார்கள், காத்திருந்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், கம்பி இறுகியது, பிடுங்கினார்கள். திரும்ப ஒட்டினார்கள். அடியில் ஒரு அட்டைத் துண்டு வைத்தார்கள். அதை எடுத்துவிட்டு வேறொரு துண்டு வைத்தார்கள். "நேராப் புடி" என்பது "நேராப் புடின்னு சொன்னேன்ல" ஆகி, கடைசியில் "கண்ணு தெரியுதா உனக்கு?" என்று வந்து நின்றது. பையன் எல்லாவற்றுக்கும் "சரீங்க சார்" என்றான். வெள்ளைச் சட்டையின் கை கறுப்பாகிவிட்டது.

வடை தோல் மாதிரி ஆகிவிட்டது. பாயசம் ஆடை கட்டியது. சாம்பாரை ஒரு முறை சுடவைத்து, அது ஆறி, இரண்டாம் முறையும் சுடவைத்தாயிற்று. "அவங்க கொள்ளேகாலத்துல பஸ் ஏறிட்டாங்களாம்மா" என்று ஜீவிதா ஃபோனைக் காட்டினாள். "இங்க வந்து இந்தக் கோலத்தைத்தான் பாக்கப் போறாங்க. பேசறதுக்குக் கூப்பிட்டுட்டு அவனை இப்படி வேலை வாங்கினா என்ன அர்த்தம்?" அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பையனைப் பற்றி அவர் இதுவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. சம்பளம், படிப்பு, சொந்தபந்தம், எதுவும் இல்லை. கல்யாணப் பேச்சு அந்த ஸ்ட்ரட்டோடு சேர்ந்து பசையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மூன்று மணிக்குக் கீழேயிருந்து லிங்கம்மா, "ரத்னவேலு, ஸ்வல்ப கெளகெ பன்னி!" என்று கன்னடத்தில் கீழே வரச் சொல்லிக் குரல் கொடுத்தாள். அவர்கள் வீட்டுக் காருக்குப் பூஜை முடிந்து பூசணிக்காய் உடைக்க ஆள் வேண்டும். அந்தத் தெருவில் பூசணிக்காயை ஒரே போடில் சிதற அடிப்பதில் ரத்தினவேலுக்கு நல்ல பெயர். பசி, படகு எல்லாம் இருந்தும் அந்த அழைப்பை அவரால் தட்ட முடியவில்லை. "நான் வர்ற வரைக்கும் அசைக்காம புடிச்சிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் யுவன் வாசலை ஒரு தரம் பார்த்தான். விசிறியைக் கழற்றினான். மோட்டார் பக்கத்திலிருந்து ஷாஃப்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினான்.

கம்பி வெளியே வந்தபோது அதன்மேல் நீளத்துக்கும் ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. கிரீஸோடு கலந்து செம்மண் சேறு போல இருந்தது. யுவன் இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தான். கைக்குட்டை சிவந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் கரண்டியோடு நின்ற சொர்ணலதாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்த வாசனை வந்தது. காலையிலிருந்து வீடு முழுக்கச் சந்தன வாசனைதான். அதனால் இத்தனை நேரம் யார் மூக்குக்கும் அது தனியாகத் தெரியவில்லை. தட்டு, கற்பூரம், தாராளமாகப் பூசின அந்தக் கை எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஈரச் சந்தனத்தோடு உள்ளே போன கம்பி, சந்தனம் காயக் காயக் குழாய்க்குள் இறுகிப்போயிருக்கிறது. ஸ்ட்ரட் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவளும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாங்கம்மா" என்றான் யுவன் மெதுவாக. "சாருக்குத் தெரிய வேண்டாங்க. நல்ல நாளும் அதுவுமா சங்கடப்படுவாரு."

கைக்குட்டையின் நுனியைத் திரித்துக் குழாய்க்குள் விட்டுச் சுத்தம் செய்தான். புதுக் கிரீஸ் தடவி ஷாஃப்ட்டைச் செருகினான். ஸ்ட்ரட்டைக் கண்ணால் பார்த்து நேராக நிறுத்திப் பசை வைத்து, விசிறியை மாட்டினான். கைக்குட்டையை நாலாக மடித்துப் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டான். ரத்தினவேல் படியேறி வந்து சட்டையில் ஒட்டியிருந்த பூசணி விதையைத் தட்டிவிட்டு விசிறியைத் தொட்டார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அட! என்ன பண்ணினே?"

"ஸ்ட்ரட்டை நான்தானுங்க சார் கொஞ்சம் கோணலாப் புடிச்சிருந்தேன். இப்ப சரி பண்ணிட்டேனுங்க."

ரத்தினவேலின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. அது அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "அதான் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். "எத்தனை தடவை சொன்னேன், நேராப் புடி நேராப் புடின்னு? கையில நிதானம் இல்ல உனக்கு. இவ்வளவு நேரத்தையும் வீணாக்கிட்டே. லிஃப்ட்ல வேலை பாக்கிறவன், ஜனங்க உசுரு உன் கையில இருக்கு. ஒரு ஸ்ட்ரட்டை நேராப் புடிக்கத் தெரியாதவனை நம்பி எப்படிப் பொண்ணைக் குடுக்கறது? சொர்ணா, நீயே சொல்லு."

யுவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் நின்ற விதம் சொர்ணலதாவுக்கு நன்றாகப் பழக்கமானது. மிக்ஸி எரிந்த அன்றைக்கு அவளும் இப்படித்தான் நின்றாள். அவளுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது.

"சொல்றேன்" என்றாள். "ஸ்ட்ரட் நேராத்தான் இருந்துச்சு. நேத்திலிருந்தே நேராத்தான் இருந்துச்சு. நான் துடைக்கவும் இல்ல, தட்டவும் இல்ல. படகுமேல என் கையே படல."

"என்ன உளர்றே? காலைல நீதானே சொன்னே?"

"சொன்னேன். சோறு ஆறுதேன்னு சொன்னேன்." யுவன் பக்கம் கையை நீட்டினாள். "அந்தக் கைக்குட்டையைக் குடு கண்ணு."

"அம்மா, வேண்டாங்க..."

"குடுன்னு சொல்றேன்ல."

வாங்கிப் படகுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாள். "மோந்து பாருங்க."

அவர் குனிந்து முகர்ந்தார். நிமிரவில்லை. ஷாஃப்ட்டைப் பார்த்தார், சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார், திரும்பவும் கைக்குட்டையைப் பார்த்தார். எத்தனையோ மெஷினைப் பிரித்துப் பழுது பார்த்த ஆள். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"உங்க தப்பை எடுத்துத் தலையில போட்டுக்கறதுக்கு இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கேன்" என்றாள் சொர்ணலதா. "அது போதும். அந்த வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டாம். அவன் வந்தா மாப்பிள்ளையா வரட்டும்."

ரத்தினவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் யாரோ இன்னொரு பூசணிக்காயைப் போட்டு உடைத்தார்கள். கைக்குட்டையைத் தள்ளிவைத்துவிட்டு, "மிக்ஸி?" என்று கேட்டார்.

"நீங்கதான்."

"ஸ்கூட்டர் சாவி?"

"நீங்கதான். உங்க ரெயின்கோட் பாக்கெட்லயே இருந்துச்சு. புதுச் சாவி போட்டப்புறம்தான் கெடைச்சுது. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு தூக்கி எறிஞ்சேன்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "சேலத்துல உன் தம்பி கல்யாணத்துக்கு ரயிலை விட்டது?"

"அது நான்தான்" என்றாள். "அது நிஜமாவே நான்தான்."

சமையலறை வாசலில் நின்ற ஜீவிதாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தினவேல் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜீவி" என்றார்.

சொர்ணலதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயால் அந்தப் பெயரை அவள் கேட்டு எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

"குழாய்க்குள்ள சந்தனத்தை விட்டது நான்தாம்மா. இவன் இல்ல."

ஜீவிதா வாயிலிருந்து கையை எடுத்தாள். "இலை போடட்டாப்பா?" என்று நேராக அவரிடமே கேட்டாள்.

"போடு. அவங்க அப்பா அம்மாவும் வந்துடட்டும், எல்லாரும் சேர்ந்தே உக்காரலாம்." தரையைப் பார்த்தார். வருகிறவர்களைத் தரையில் உட்காரவைப்பதா என்று யோசித்தவர் போல எழுந்தார். "யுவன், அந்தப் பக்கம் புடி."

பூஜை போட்ட சாமான் மறுநாள் காலை வரை அசையக் கூடாது என்ற சட்டம் போட்டவரே, ஷாஃப்ட்டும் விசிறியுமாகப் படகைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறைக் கட்டிலில் வைத்தார். போகும்போது, "பசை காயல, நேராப் புடி" என்று வழக்கம்போலக் கத்தினார். யுவன், "சரீங்க மாமா" என்றான்.

மேஜைமேல் கிரீஸும் பசையும் சுரண்டிய தூளும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கிடந்தன. சொர்ணலதா ஈரத்துணியால் தேய்த்தாள், போகவில்லை. சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை. ஆனியிலிருந்து இந்த மேஜை பட்ட பாட்டை நினைத்து, படகையும் ஷாஃப்ட்டையும் அதைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினாள். கண்ணீர் வந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கீழே லிங்கம்மா யாரையோ, "மேலெ ஹோகி, மேலெ ஹோகி" என்று மாடிக்கு வழிகாட்டுவது கேட்டது. சொர்ணலதா துணியை வீசிவிட்டு, சாம்பாரை மூன்றாம் முறையாகச் சுடவைக்க ஓடினாள்.